காதர் பாயின் வெடித்த பப்ஸ்

"சாச்சா, அப்பா போய்ட்டாரு" என்று காதர் பாயின் மகள் ஷபானா போனில் சொன்னபோது, சத்துவாச்சாரியில் என் மகன் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. கொப்பளித்துவிட்டுத்தான் அழ முடிந்தது. காதர் பாய் பார்த்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்.

ஆம்பூரில் அவருடைய பேக்கரியில் எனக்கு அடுப்பு வேலை. இந்த இரங்கலுக்கு வந்திருக்கும், அவருடைய பாதாம் பப்ஸைத் தின்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதாமை வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்து அரைப்பார். வெண்ணெய், சர்க்கரை, முட்டையோடு கிரீமாக அடித்து மாவுக்குள் வைப்பார். நாங்கள் இருவருமே பள்ளிக்கூடம் போகாதவர்கள், அளவெல்லாம் கைதான். அவர் கையோ, கல்யாண வீட்டில் விருந்தாளி போதுமென்று தட்டைக் கையால் மறைக்கும்வரை பிரியாணி போட்டுப் பழகிய கை.

"பாய், கிரீம் சூட்டுல உப்பும். கம்மியா வைங்க."

"பப்ஸு போதும்னு சொல்லட்டும் முனுசாமி, நிறுத்திடறேன்."

அவர் திரும்பியதும் பாதியை வழித்துவிட்டு நானே மடிப்பேன். கடை அப்படித்தான் ஓடியது.

ஷபானாவைப் பெண் பார்க்க வேலூர் லாங் பஜாரிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா மளிகை வியாபாரி. ஏற்கெனவே வந்த இரண்டு இடம் நழுவியிருந்தது. அன்று பாய் என்னைக் கிட்டே விடவில்லை. வைத்ததும் மடித்ததும் அவரே. அடுப்பைத் திறந்தால் ஒன்றுவிடாமல் வெடித்து, கிரீம் தட்டெல்லாம் ஓடிக் கருகியிருந்தது. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

"இது புது ஐட்டம்னு சொல்லிடலாம் பாய்."

"பொண்ணு வாழப்போற வீட்ல முதல் பேச்சே பொய்யா? எடுடா தட்ட."

வியாபாரி பப்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாய், வெடிச்சிருக்கு?"

"ஆமாங்க. ஜாஸ்தி வச்சிட்டேன்."

உள்ளே ஷபானாவின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். வியாபாரி ஒன்று தின்றார். இன்னொன்றும் தின்றார். அப்புறம் தட்டில் ஒட்டியிருந்த கருகலை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். "மானத்த வாங்காதீங்க" என்று அவர் மனைவி இடித்தார். அவர் நிமிரவே இல்லை.

"கல்யாணத்துக்கும் வெடிச்சதே போடுங்க பாய்."

சம்மதம் வந்த விதம் அதுதான்.

மகளின் வாழ்க்கை அந்தத் தட்டில் இருக்க, முகத்தைத் திருப்பாமல் "ஜாஸ்தி வச்சிட்டேன்" என்றாரே, அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். மீதி காதர் பாயை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.