நான் கைதட்டிய சண்டைக்காட்சி

லாரி லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து என் வீட்டுக்காரர் கீழே விழுந்தார். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு போட்டு, இரண்டு மாதம் அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில், ஒரே ஒரு தடவை தவிர, அவர் ஒரு வாரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை. நாமக்கல்லில் லாரி டிரைவர் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான். வருவார், குளிப்பார், தூங்குவார், போன் வரும், கிளம்பிவிடுவார். இப்போது முன்னறையில் கட்டிலைப் போட்டு, காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, எதிரே டிவியைத் திருப்பி வைத்தேன். நான் ரவிக்கை தைப்பவள். மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதமும் நாங்கள் இருவரும் டிவி பார்த்தோம். அவ்வளவுதான் நடந்தது என்றும் சொல்லலாம்.

எனக்கு சீரியல் ஆகாது. அந்த வீடுகளில் யாரும் வேலைக்குப் போவதில்லை, யாரும் பாத்திரம் கழுவுவதில்லை. பட்டுப்புடவையோடு தூங்கி, பட்டுப்புடவையோடு எழுந்து, மருமகள் குடிக்கும் பாலில் எதையாவது கலக்கிறார்கள். அப்போது நாங்கள் பார்த்த சீரியலில் கதாநாயகன் வாரத்துக்கு இரண்டு முறை பெண்டாட்டியை அறைந்தான். அறைந்த பிறகு அவனே அழுதான். அவன் அழுகைக்குப் புல்லாங்குழல் வாசித்தார்கள். கன்னம் வீங்கியவள் போய் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அவரோ அதை ஒரு நாள் விடாமல் பார்த்தார். ஆறு மணியானால், "அம்மிணி, அந்த ரிமோட்டக் கொஞ்சம் குடு" என்பார்.

"அந்தக் கருமத்த எதுக்குங்க பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எத்தன பேரு ஒரே ஊட்டுல இருக்கறாங்க பாரு. தெனமும் ஒண்ணா உக்காந்து சாப்புடறாங்க" என்றார்.

நான் அடுத்த ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குத் துணிக்கடை. அவள்தான் போனில் படம் பார்க்கிற ஒரு ஆப்பை எங்கள் டிவியிலும் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். கேமரா அவள் பாதத்தில் தொடங்கி மேலே மேலே ஊர்ந்து போகிறது. செத்தவளைக் கூட விடமாட்டார்களா? மழையில் நனைந்த துணியை அப்படிக் காட்டுகிறவன் கொலைகாரனைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? எட்டு பாகத்தில் ஆறு பிணம் என்று தங்கை சொன்னாள், ஆறும் பெண், ஆறும் அழகு. இரண்டாவது பாகத்தோடு நிறுத்தச் சொன்னேன். அவரும் சரி என்றார். அவருக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் போட்டார்கள். பெரிய நடிகர் படம். ஆறு மாதத்துக்கு முன்னால் சேலத்தில் தங்கையோடு தியேட்டரில் போய் நான் பார்த்ததுதான். பார்த்துவிட்டு வந்து, "சூப்பர் படமுங்க" என்று இவரிடம் போனில் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவர் நாக்பூர் பக்கம் எங்கோ இருந்தார்.

"நீ சொன்ன படந்தானே? போடு, பாப்போம்" என்றார். தட்டில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கதாநாயகனின் தங்கை ஸ்கூட்டியில் போகும்போது ஒரு லாரி அடித்துவிடுகிறது. டிரைவர் குடித்திருக்கிறான். பல் எல்லாம் கறை, கண் சிவப்பு, கழுத்தில் அழுக்குத் துண்டு. இறங்கிப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் அவனை ஒரு ரோட்டோர ஓட்டலில் பிடிக்கிறான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மற்ற டிரைவர்களும் சண்டைக்கு வருகிறார்கள். எல்லோரையும் அடிக்கிறான். இரும்பு ராடு, ஜாக்கி, செயின், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்கிறான். மெதுவாக ஓடவிட்டு, பல் தெறிப்பதைக் காட்டி, பின்னால் ஒரு பாட்டு.

தியேட்டரில் அந்த இடத்தில்தான் எல்லோரும் எழுந்து நின்றார்கள். விசில் காதைப் பிளந்தது.

இப்போது கட்டிலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். சாதம் அப்படியே இருந்தது. பிசைந்த கை தட்டிலேயே நின்றிருந்தது. இடது காதை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இடது காது கேட்காது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஆந்திரா பக்கம் ஒரு ஊரில், பைக்கில் குறுக்கே வந்த ஒருவர் இவர் லாரியில் மோதி விழுந்தார். இவர் மேல் தப்பில்லை. போய்க்கொண்டே இருந்திருக்கலாம். இவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி, அந்த ஆளைத் தூக்கி மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. லாரிக்காரன் என்றதும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடித்திருக்கிறார்கள். பைக்கில் வந்தவர் பிழைத்துவிட்டார். இவரைப் பார்க்க நானும் என் அண்ணனும் இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆஸ்பத்திரியில் அவர் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவர்களில் யார் என் புருஷன் என்று நர்ஸைக் கேட்டேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் ஒன்றுமில்லை.

டிவியை நிறுத்தப் போனேன். "இருக்கட்டும்" என்றார். சண்டை முடியும் வரை பார்த்தார். விளம்பரம் வந்ததும் கேட்டார்.

"கொட்டாயில சனம் கை தட்டுச்சா?"

"தட்டுனாங்க."

"நீயி?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

"தட்டுனேனுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ம்" என்றார். பிறகு, "பாட்டு நல்லாருக்குது, அதுக்குத் தட்டியிருப்ப" என்றார். அவராகவே எனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தார். தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய பிறகும் கூசியது. அந்தப் படத்தை எடுத்தவன் மேல் வந்த அருவருப்பை விட என் மேல் வந்தது பெரிதாக இருந்தது. தியேட்டரில் எனக்கு ஒரு நொடி கூட அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வரவில்லையே! திரையில் அடி வாங்கியவன் கழுத்தில் கிடந்தது என் வீட்டுக் கொடியில் காய்கிற அதே துண்டுதான். அவன் எனக்கு யாரோ மாதிரிதான் இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் டிவியே போடவில்லை. நான் நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மா, "நீங்க கட்டாயம் இதப் படிக்கோணுங்க. பரிசு வாங்குன நாவல். உங்க கததான்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லாரி டிரைவரின் வாழ்க்கையை எழுதியது. அட்டையில் நெடுஞ்சாலை, அதன் மேல் நிலா.

நாற்பது பக்கம் படிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. சாலை என்பது பெண்ணாம். வளைவு என்பது இடுப்பாம். டீசல் வாசனை தாயின் முலைப்பால் மாதிரியாம். டீசல் வாசனை வந்த சட்டையை இந்த ஆசாமி ஒரு நாள் துவைத்துப் பார்க்கட்டும். அந்த டிரைவருக்கு ஊருக்கு ஒரு பெண். ஒவ்வொருத்தியையும் வர்ணிக்க ஐந்து பக்கம். கடைசி வரை படித்துப் பார்த்தேன், வீட்டில் இருக்கிற மனைவிக்கு மொத்தமே மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்திலும் அவள் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறாள். அவளுக்கு ரேஷன் கடை இல்லை, கரண்ட் பில் இல்லை, இடுப்பு வலி இல்லை. கோவில் சிலை மாதிரி நிற்கிறாள். அவன் நோயோடு வந்து மடியில் படுத்ததும் மன்னித்துவிடுகிறாள். சினிமாக்காரன் அடித்தான் என்றால், இந்த எழுத்தாளர் தடவிக் கொடுத்தே அசிங்கப்படுத்துகிறார்.

புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன்.

"என்னம்மிணி, அத்தன கோவம்? கொஞ்சம் படி, கேப்போம்" என்றார் அவர்.

டிரைவர் மலைப்பாதையில் இறங்கும் இடம் வந்தது. நிலா வெளிச்சத்தில் அவன் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, லோடு வண்டியை இறக்கத்தில் பறவை போல மிதக்க விடுகிறான் என்று இருந்தது.

அவர் கையைத் தூக்கினார். "நில்லு நில்லு. முழு லோடோட நியூட்ரல்ல உட்டானா?"

"அப்படித்தானுங்க எழுதியிருக்குது."

"அப்ப பிரேக்கு நிக்காது, அடுத்த பக்கத்துல செத்துருக்கோணுமே?"

புரட்டிப் பார்த்தேன். "இல்லீங்க. அடுத்த பக்கத்துல ஒரு பொம்பளையப் பாக்கறான்."

அவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு குலுங்கியது. விழுந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது தெரியாத ஒருவருக்கு எங்கள் கதையை எழுதியதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் மண்டையில் ஓடியது.

அந்த எழுத்தாளரே அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் பேச வருவதாக அந்த அம்மா சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரை இவரிடம் உட்கார வைத்துவிட்டுப் போனேன். இருபது பேர் இருந்திருப்போம். பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஒவ்வொருவராக எழுந்து, படித்துவிட்டு அழுததாகச் சொன்னார்கள். கடைசியில் எழுந்து நின்றேன்.

"என் வீட்டுக்காரர் லாரி டிரைவருங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தாளர் முகம் மலர்ந்தது. "ஒண்ணு கேக்கோணும். நீங்க எந்த டிரைவர் கூடவாவது வண்டியில போயிருக்கறீங்களா? எந்த டிரைவர் ஊட்டுப் பொம்பளகிட்டயாவது பேசியிருக்கறீங்களா?"

"இது கற்பனைம்மா. நான் பார்க்கிறது ஆன்மாவை" என்றார்.

"ஆன்மாவுக்கு ஊருக்கு ஒரு பொம்பளையாங்க? இறக்கத்துல நியூட்ரல்ல உட்டா வண்டி மிதக்காதுங்க, உருண்டுரும். அதே மாதிரிதானுங்க மத்ததும். தெரியாம எழுதியிருக்கறீங்க."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் நடத்தியவர் மைக்கை வாங்கி, "அம்மாவோட உணர்ச்சிகரமான பகிர்வுக்கு நன்றி" என்று முடித்துவிட்டார். டீ கொடுத்தார்கள். எழுத்தாளர் என்னிடம் வந்து, "ரொம்ப நேர்மையாப் பேசினீங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். டீ டம்ளரோடு நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அக்கா! உன் போட்டோ பேஸ்புக்குல வந்திருக்கு, பாத்தியா? எத்தன பேரு லைக் போட்டிருக்காங்க!"

அனுப்பி வைத்தாள். படத்துக்கு மேலே எழுத்தாளர் எழுதியிருந்தார்: ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி என் நாவலைப் படித்துவிட்டு, கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டாராம். இதை விடப் பெரிய விருது வேண்டாமாம்.

நான் அவர் கையைத் தொடவே இல்லை. நாவலில் வாசலில் நிறுத்திய பெண் போதாதென்று என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். வெகு நேரம் படத்தையே பார்த்தார். "நீ அழுகுற ஆளு மாதிரியா இருக்கற இதுல? டம்ளரத் தூக்கி அடிக்கறவ மாதிரியில்ல இருக்கற" என்றார். பிறகு, "நடந்தத எழுதிப் போடு" என்றார்.

அந்தப் போட்டோவுக்குக் கீழேயே எழுதினேன். நான் அழவில்லை, கேள்விதான் கேட்டேன், கேள்வி இதுதான் என்று நான்கு வரி. ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். அதையும் எடுத்தார்கள். மூன்றாவது முறை எழுத்தாளர் பக்கமே எனக்குத் திறக்கவில்லை.

ஒன்பதாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. மேலும் ஒரு மாதம் தடியூன்றி நடந்தார். பிறகு வண்டிக்குப் போனார். போகும்போது சீரியலில் மிச்சம் என்ன நடக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன், சொல்கிறேன். இன்னும் அறைந்துகொண்டுதான் இருக்கிறான்.

போன வாரம் தங்கை கூப்பிட்டாள். அந்தப் பெரிய நடிகர் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம்.

"டிக்கெட் போடட்டுமாக்கா? இதுல சண்டை இன்னும் பயங்கரமாம்."

"எனக்கு வேண்டாம். மொத பாகத்துல அந்த டிரைவரப் போட்டு அடிக்கறாங்களே, உங்க மாமா அதப் பாத்துட்டாரு. அவரு காது எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"அக்கா, மாமாவ யாரு சொன்னாங்க? மாமா தங்கமானவரு. அது வேற டிரைவரு" என்றாள்.

"அவர அடிச்சவங்களும் வேற டிரைவர்னு நெனச்சுத்தான் அடிச்சாங்க" என்றேன்.

அவளுக்கு வருத்தமாகிவிட்டது. போனை வைத்துவிட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்காரர் மனைவியோடு போய்ப் படத்தைப் பார்த்திருக்கிறாள். முதல் பாகத்தை விட நன்றாக இருக்கிறதாம்.