அவள் முதலில் சொன்ன ஆள்

என் மனைவி மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. போன வருடம் கோலசிலாங்கூர் கிளினிக்கில் டாக்டர், இனி மெல்லக் குறைத்து நிறுத்தலாம் என்றார். முதலில் முக்கால், சில வாரம் பொறுத்து அரை, பிறகு கால். உடம்பு ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த படி. கூட இருந்து கவனிக்க யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள், "பக்கத்து வீட்டு அக்கா" என்றாள்.

அந்த அக்கா எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தே இரண்டு வருடம்தான். சாயங்காலம் இருவரும் செம்பனைத் தோட்ட ஓரமாக நடப்பார்கள். தூக்கம் வந்ததா, கெட்ட கனவு வந்ததா, எதற்குக் கோபம் வந்தது, எல்லாம் அங்கே பேசப்படும். நான் ஆலையில் லோரி எடை போடும் வேலை முடிந்து வந்து கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்ற ஒரு வரி கிடைக்கும். வாசல் கேட்டுக்கு வெளியே அவர்கள் சிரிப்பது கேட்கும்போது வயிறு எரியும். இருபத்திரண்டு வருடம் கூடவே இருக்கிற எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததில்லை.

அரைக்கு வந்து அவள் தெளிவாக இருந்த சமயம். மாத்திரை முடிந்தால் இந்த நடையும் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஒரு நாள் பசியாறும்போது சொன்னேன்.

"அரைதானே, இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு? விட்டுட்டுப் பாரு லா."

அக்கறையில் சொல்வதாக நினைத்திருப்பாள். அன்றே விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்டு அடிக்கிற மாதிரி இருந்ததாம். அதையும் அக்காவிடம்தான் சொன்னாள். அக்கா காரில் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார்: பழைய நோய் திரும்பவில்லை, மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்தது. மறுபடி அரைக்குப் போய், உடம்பு நிதானப்பட்ட பிறகு இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். யார் விடச் சொன்னது என்று கேட்டார். தானாகத்தான் விட்டேன் என்றாள் என் மனைவி.

வீடு திரும்பும் வழியில், பொறாமையில்தான் அப்படிச் சொன்னேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். ஏன் என்னிடம் எதுவும் சொல்வதில்லை என்றும் கேட்டேன்.

"மொதமொதல்ல மாத்திரையோட வந்தப்ப, வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு சொன்னீங்க. பின்னால அக்காகிட்ட சொன்னப்ப, சாப்புட்டியான்னு கேட்டாங்க."

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

அதன் பிறகு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்த ஏழு மாதம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை டாக்டர், அவசரமில்லை, இதே அளவில் இருங்கள் என்றார், இருந்தோம். நிறுத்திச் சில வாரம் கழித்துப் பார்த்தபோது, இனி வர வேண்டாம், ஏதாவது என்றால் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் காரில் ஏறாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். வயிறு எரியத்தான் செய்தது. பேசி முடித்து உள்ளே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை என்னிடமும் ஒரு தடவை சொன்னாள். கூடவே இருந்து கேட்டவன்தான் நான். ஆனாலும் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டேன்.