உள்ளங்காலில் ஒரு மச்சம்

டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். கட்டுத்துணியே கிடைக்காத ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், கால் கழுவுகிற வேலை. ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்த்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் டிரெஸ்ஸராக இருந்தது மலாயாவில், கிள்ளான் ஆஸ்பத்திரியில். வெள்ளைக்கார டாக்டர்களைப் பிடித்து அடைத்த பிறகு, யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் எங்கள் தோல் வார்டுக்கு வந்தார். மச்சம் போல முளைத்து ஆளையே முடித்துவிடும் ஒரு புற்றுநோயில் அவருக்கு நல்ல அனுபவம். மெலனோமா என்பார். நம்மவர்களுக்கு அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருமாம். ஆகவே காய்ச்சலென்று வந்தாலும் இருமலென்று வந்தாலும், முதலில் காலைக் கழுவிக் காட்டச் சொல்வார்.

கழுவக் கழுவக் கறுப்பு

தோட்டத்து ஆட்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரப்பர் பால் ஒட்டி, காய்ந்து, கறுத்து, தார் பூசியது போல இருக்கும். அதில் எது பால், எது மச்சம் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. சோப்பு, சவுக்காரம் எதுவும் கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். ஒரு காலுக்கு அரை மணி நேரம். பாதிப் பேருக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிடும்.

பல்வலிக்கு மருந்து கேட்டு வந்த ஓர் அம்மாள் காலைக் காட்டவே மாட்டேன் என்றார். வெள்ளை உடுப்புப் போட்ட ஆம்பளை காலைத் தொடுவதாவது என்று ஒரே சண்டை. ஒருவழியாகக் கழுவி முடித்தேன். மச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. எழுந்து போனவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் தலையில் கை வைத்தார்.

"காலைத் தொட்டுட்டீங்க தம்பி. ஆசீர்வாதம் பண்ணாமப் போனா பாவம். நல்லா இருங்க."

வியாபார ராசி

மளிகைக்கடைக்காரர் ஒருவருக்குக் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம். ஓரம் கிழிந்தாற்போல், லேசாக ரத்தமும் கசிந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த மச்சம் வந்த வருஷம்தான் கடை தலையெடுத்ததாம். அதை வெட்டுவது லட்சுமியை வெட்டுவது போலவாம். எனக்கும் மச்ச சாஸ்திரத்தில் ஓர் ஆர்வம் உண்டு. டாக்டர் கத்திக்கொண்டிருக்க, நான் எந்தக் காலில் இருந்தால் என்ன பலன் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தொடை இடுக்கில் முட்டை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. நோய் மேலே பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை. வலிக்கு மருந்து கொடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்களும் கொஞ்சம் திட்டியிருக்கலாம், டிரெஸ்ஸர்."

சயாம் பலன்

சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக லோரியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் வீரையா வந்தார். பூச்சோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அவராகவே காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்காலில் மிளகளவு ஒரு புள்ளி. வந்து சில மாதம்தான் ஆகிறதாம். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் தூரதேசப் பயணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதை எடுத்துவிட்டால் சயாமுக்குப் போக வேண்டியிருக்காது என்பது அவர் கணக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மளிகைக்கடைக்காரர் ஞாபகம் வந்து, டாக்டரைக் கூப்பிட்டேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போனார்.

"அதேதான். இவ்வளவு சின்னனா இருக்கேக்க வந்த ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

நான் சொன்ன பொய்

மிளகளவு மச்சத்துக்கு உள்ளங்கை அகலத்துக்குத் தோலை வெட்ட வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். புற்றுநோய் என்று சொன்னால் வீரையா பயந்து ஓடிவிடுவார் என்று எனக்கு நிச்சயம். ஆகவே நானே முந்திக்கொண்டேன். வேரோடு எடுத்தால்தான் பயணம் தடைபடும், கொஞ்சம் அகலமாகத்தான் வெட்டுவார்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் படுத்தார். இருந்த குளோரோபார்மில் பாதி அவருக்கே செலவானது. பழைய போர்வையைக் கிழித்து, அவித்து, கட்டுப் போட்டேன்.

லோரி அவர் தோட்டத்துக்கும் வந்தது. ஜப்பான் சிப்பாய் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, போ என்று கை காட்டினானாம். வீரையா நொண்டிக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். எனக்கு அந்தச் சந்தோஷம் முழுதாக ஒட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் தொடை இடுக்கை அழுத்திப் பார்ப்பேன். நெறி கட்டியிருந்தால் கதை முடிந்தது. அவர் பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசுவார். நான் இன்னொரு தரம் அழுத்திப் பார்ப்பேன்.

ஜப்பான் சண்டை முடிந்தபோதும் நெறி கட்டவில்லை. இனிமேலும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. அவரை உட்காரவைத்து, அது சயாம் மச்சம் இல்லை, ஆளைக் கொல்லும் புற்றுநோய், நான் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். வீரையா என் தோளைத் தட்டினார்.

"வெட்டுறதுக்கு முன்னாடியே டாக்டரய்யா எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. மாசாமாசம் உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

நோயாளியிடம் விஷயத்தை மறைத்துவிட்டோம் என்று ஒரு டிரெஸ்ஸர் நம்பினால், அந்த வார்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.