குறி தவறப் பழகியவர்

அறுபத்தொரு வயதில், குறையொன்றும் இல்லாத வில்லை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, ஆர்விட் நியெமெலா வெறும் மரவில் ஒன்றோடு வந்து இறங்கியபோது எங்கள் ஊரில் சிரிக்காத வாய் இல்லை. கொடுத்தது லேசுப்பட்ட வில்லா? இரண்டு முனையிலும் கப்பி, குறி பார்க்க ஒளிரும் ஊசி, நாணை விடுவிக்க மணிக்கட்டில் மாட்டும் கொக்கி. முப்பது கஜத்தில் மான் நின்றால் ஊசியை அதன் தோளுக்குப் பின்னால் வைத்து விரலை அசைத்தால் வேலை முடிந்தது. வந்ததோ ஒரு வளைந்த கட்டையும் ஒரு கயிறும்தான்.

"ஏன் மச்சான், அடுத்த வருஷம் கல்லெடுத்து எறியப் போறியா?" என்று கேட்டார் கிளிஃபோர்ட். ஆர்விட்டின் தங்கையைக் கட்டியவர். ஊர் வாயெல்லாம் சேர்த்து அவர் ஒருவருக்கே கொடுத்தது போலப் பேசுவார்.

"எறியலாம். உன் தலையில பழகிட்டு எறியிறேன்."

"என் தலைய நீ தேடிப் பிடிக்கவே மரவில்லுக்கு ரெண்டு நாள் ஆகும்."

ஆர்விட்டின் அண்ணன் மகன் டென்னிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "சித்தப்பா மானுக்கும் ஒரு வழி விட்டுத்தான் வேட்டையாடணும்னு நினைக்கிறார். நமக்கெல்லாம் அந்த மனசு வருமா?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரும் மெல்ல மெல்ல அப்படியே நம்பிவிட்டது. பாவம், ஒருத்தருக்கும் உள்விஷயம் தெரியாது. கொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான் ஆர்விட் மரவில்லுக்கு மாறினார்.

அதைச் சொல்ல வேண்டுமானால் ரூடியைச் சொல்ல வேண்டும். ரூடி அவருடைய அண்ணன். முப்பத்துநான்கு வருஷம் இரும்புச் சுரங்கத்தில் நிலத்துக்கடியில் வேலை பார்த்தவர். அந்தத் தூசியெல்லாம் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாள். மகன் டென்னிஸ் பெரிய ஏரிகளில் இரும்புக்கல் ஏற்றிப் போகும் கப்பலில் வேலை. ஆகவே கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்தது தம்பி மட்டும்தான். பதினொரு நாள் இருந்தார். ரூடி மூச்சை இழுப்பார், உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம் வரும், நின்றுவிடும். ஆர்விட் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மறுபடி இழுக்கும். பன்னிரண்டாம் நாள் டென்னிஸ் வந்து சேர்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய மரக்குடில் ஒன்று காட்டுக்குள் இருக்கிறது. நவம்பர் முதல் வாரம் துப்பாக்கிக்காரர்கள் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் வில்லோடு அங்கே போய்விடுவார்கள். நான்கு கட்டில், ஒரு விறகடுப்பு, வெளியே சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை. வெந்து வேர்த்து வந்து சீட்டாடுவார்கள், இறைச்சி வைத்து மடித்த பேஸ்டியைச் சூடாக்கித் தின்பார்கள், பழைய பொய்களைப் புதிதாகச் சொல்வார்கள். ஆனால் ஒன்று: வேட்டையாடாதவனுக்கு அங்கே கட்டில் கிடையாது. அவர்கள் அப்பா காலத்துச் சட்டம் அது. கிளிஃபோர்டின் தம்பி முழங்கால் வலியென்று வேட்டையை விட்டுவிட்டு, சமைத்துப் போடுகிறேன் என்று ஒரு வருஷம் வந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுவருஷம் அவன் கட்டிலில் சாமான்களை அடுக்கிவிட்டார்கள்.

ரூடி போன பிறகு ஆர்விட்டுக்கு அண்ணன் என்று மிஞ்சியது அந்தக் குடிலும் டென்னிஸும்தான். வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் டென்னிஸ் கப்பலை விட்டு வந்து பக்கத்தில் கிடப்பான். தூக்கத்தில் அப்படியே அவன் அப்பா மாதிரி முனகுவான். அதை விட ஆர்விட்டுக்கு மனசில்லை.

அண்ணன் போன அந்த வருஷமே குடிலுக்குப் போனார். ரூடி வழக்கமாக உட்காரும் பரணை, ஓடைக்கு மேலே தேவதாரு மரத்தில் கட்டியதை, அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். மான் தவறாமல் வரும் தடம் அது. அன்றும் வந்தது. கப்பி வில்லை இழுத்தார், ஊசியைத் தோளுக்குப் பின்னால் வைத்தார். நுரையீரல் இருக்குமிடம். அங்கே வைக்கத்தான் வாழ்நாளெல்லாம் பழகியிருந்தார். வைத்த உடனே காதுக்குள் அந்தக் களகளச் சத்தம் கேட்டது. அவரால் விரலை அசைக்க முடியவில்லை. மான் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

அடுத்த பரணிலிருந்து கிளிஃபோர்ட் பார்த்துவிட்டார்.

"பதினஞ்சு கஜத்துல நின்னுச்சு மச்சான். குருட்டுப் பாட்டி கூட அடிச்சிருப்பா. உனக்கு என்ன ஆச்சு?"

"கொக்கி மாட்டிக்கிச்சு."

"கொக்கி மாட்டிக்கிச்சா, நீ மாட்டிக்கிட்டியா?"

இன்னொரு வருஷம் இப்படி நடந்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஆர்விட் பயந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் டென்னிஸ் கேட்பானே, எந்தச் சத்தம், யாருடைய மூச்சு என்று. வசந்தம் வரைக்கும் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஊசியும் கொக்கியும் உள்ள வில்லில் பதினைந்து கஜத்தில் தவறவிட்டால் ஊர் சிரிக்கும், சந்தேகப்படும். மரவில்லில் தவறவிட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அதில் கண்ணும் கையும்தான் குறி. தவறாமல் பட்டால்தான் அதிசயம்.

ஆனால் சரியாகத் தவறவிடுவது சின்ன வேலையா? தப்பித் தவறிப் பட்டுவிட்டால் காயத்தோடு ஓடி எங்கேயாவது கிடந்து சாகும். மேலே விட்டால் அம்பு பறந்துபோய் வேறொருவன் பரணருகே விழலாம். ஆகவே வயிற்றுக்குக் கீழே, நான்கு விரல் இடைவெளியில், தரையில் குத்தி நிற்கும்படி விட வேண்டும். வீட்டுப் பின்புறம் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அட்டையில் மான் ஒன்று வெட்டி மாட்டி, கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு தினமும் அறுபது அம்பு எய்தார். விரல் தோல் உரிந்து காய்த்துப் போயிற்று. அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் அவ்வளவு உழைத்த வில்லாளி வேறு யாருமில்லை, சத்தியம்.

ஒருநாள் துணி காயப்போட வந்த மனைவி மார்லீன் நின்று பார்த்தாள்.

"அட்டை வாங்கின மாதிரியே இருக்கு ஆர்விட். அதுக்குக் கீழ வைக்கோல்தான் நாசமாயிருக்கு."

"இன்னும் கை வரல."

அவள் கிட்டே போய் வைக்கோலைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாத் துளையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் அல்லவா? திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போகாம இருந்திடேன். டென்னிஸ இங்க கூப்பிட்டுக்கலாம்."

"இங்க வந்தா ஒரு வேளை சாப்பிடுவான், கிளம்பிருவான். அங்கதான் ஏழு நாள் இருப்பான்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்முனையைக் கத்தியால் வெட்டி, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். மரவில்லோடு போன முதல் நவம்பரில் ஆர்விட்டின் கம்பளிச் சட்டை போயிற்று. இரண்டாவது நவம்பரில் இன்னொன்று. கிளிஃபோர்ட் வெட்டும்போது, "அடுத்த வருஷம் கந்தலப் போட்டுட்டு வா மச்சான், மார்லீன் என்னைத்தான் திட்டுறா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், ஆர்விட்டும் சிரிப்பார். இரண்டு மானும் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தவை. அம்பு வயிற்றுக்கு அடியில் மண்ணில் நின்றது, மான்கள் ஓடிப்போயின. இரவு படுக்கையில் டென்னிஸின் முனகலைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினார். இப்படியே சாகும்வரை ஓட்டிவிடலாம் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார்.

மூன்றாவது நவம்பரில் நான்காம் நாள் காலை. காற்றே இல்லை. இரவு விழுந்த உறைபனியில் இலை மிதிபட்டால் அப்பளம் உடைவது போலக் கேட்டது. எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கிடாமான் ஓடைக் கரைக்கு வந்தது. ஆனால் மேயவில்லை. எதையோ கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த பரணில் டென்னிஸ் இருந்தான், பார்த்துக்கொண்டிருப்பான். ஆர்விட் வயிற்றுக்குக் கீழே நான்கு விரல் விட்டுத் தரையைப் பார்த்தார், நாணை விட்டார்.

மிரண்ட மான் பாய்வதற்கு முன்னால் குந்தும். நாண் சத்தம் கேட்டதும் காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கி, அதற்கப்புறம்தான் தாவும். வில் பிடித்த எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆர்விட்டுக்குத் தெரியாதா? ஆனால் மூன்று கோடையாக அவர் எய்தது அட்டையை. அட்டை குந்தாது. கப்பி வில்லின் அம்பாக இருந்தால் மான் அசையும் முன்னே போய்ச் சேர்ந்திருக்கும். மரவில்லின் அம்பு மெதுவானது. குந்துவதற்கு மானுக்கு நேரமிருந்தது. தவறவிட்ட அம்புக்கு நேராகத் தன் நெஞ்சைக் கொண்டுவந்து வைத்தது.

டென்னிஸ் அரைமணி நேரம் பொறுத்துத்தான் இறங்கி வந்தான். அடிபட்ட மானை உடனே துரத்தக்கூடாது. வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தேன் சித்தப்பா. என் பக்கமாத்தான் ஓடுச்சு. இதுக்குத்தானே மூணு வருஷமா காத்திருந்தீங்க."

ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். அறுபதடி தள்ளி ஒரு விழுந்த மரத்தருகே கிடந்தது. சாகவில்லை. ஒரு பக்க நுரையீரலில்தான் பட்டிருந்தது. மூக்கில் இளஞ்சிவப்பு நுரை. மூச்சை இழுத்தது, உள்ளே களகளவென்றது, நின்றது. பிறகு மறுபடி இழுத்தது.

"உங்க மான். இன்னொரு அம்பு போட்டு முடிச்சிருங்க" என்று டென்னிஸ் மரியாதையாகப் பின்னால் நகர்ந்து நின்றான்.

ஆர்விட் அம்பை எடுத்து நாணில் வைத்தார். இழுக்கக் கை வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ போடு."

"நானா? சித்தப்பா, இது உங்க…"

"போடுன்னா போடு."

டென்னிஸின் வில் ஒரே ஒரு முறை சத்தம் போட்டது. மூச்சு நின்றது. ஆர்விட் உறைபனி உருகிய சேற்றில் அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். டென்னிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் குந்தி அவர் தோளைப் பிடித்தான்.

"என்னாச்சு?"

"நான் வேணும்னேதான் தப்பா விட்டேன். இப்ப மட்டுமில்ல, மூணு வருஷமா."

"எதுக்கு?"

"இந்த மூச்சை மறுபடி கேக்க முடியாதுடா. ரூடியும் இப்படித்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டென்னிஸ் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"தூக்கத்துல போனார்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எத்தன நாள் இப்படி?"

"பதினொரு நாள்."

"டுலூத் துறைமுகத்துல சரக்கு ஏத்திக்கிட்டு இருக்கும்போது போன் பண்ணேன். நீங்கதான் எடுத்தீங்க. நல்லா சாப்பிட்டுத் தூங்குறார், அவசரமில்ல, பயணத்த முடிச்சிட்டு வான்னு சொன்னீங்க. அங்கேருந்து நாலு மணி நேரம்தான் சித்தப்பா வீட்டுக்கு."

"அவன்தான் சொல்லச் சொன்னான். பையன் இதப் பாக்கக் கூடாதுன்னு கையப் பிடிச்சு வாக்கு வாங்கிட்டான்."

"அவர் அப்படித்தான் சொல்வார்." டென்னிஸ் குரல் உயரவே இல்லை. "நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கணும்."

டென்னிஸ் கத்தியை எடுத்து மானின் வயிற்றைக் கிழித்து, குடலை அகற்றி, கையை ஓடையில் கழுவினான். பிறகு ஒரு கொம்பைப் பிடித்து இழுத்தான். மற்றொரு கொம்பை ஆர்விட் பிடித்தார். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. குடில் வரைக்கும் இருவரும் முகம் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் கிளிஃபோர்ட் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "வாடா என் சிங்கம். மரவில்லுல எட்டுக் கிளை. அடுத்த வருஷம் நாங்க எல்லாருமே கட்டைய வளைச்சுக்கிட்டு வர வேண்டியதுதான்."

டென்னிஸ் கொம்பைக் கீழே விட்டான். "சித்தப்பாவுக்கு இனிமே வேட்டை வேணாம் மாமா. அவர் வீட்டுக்குப் போகட்டும்."

கிளிஃபோர்டுக்கு வாயில் வந்த கிண்டல் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விறகு எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போனார்.

அவன் இரக்கப்பட்டுச் சொன்னானா, தண்டனையாகச் சொன்னானா? ஆர்விட்டுக்கு அன்றும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை. கட்டிலில் இருந்த போர்வையைச் சுருட்டினார். டென்னிஸே பையைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தான், கதவைச் சாத்தினான்.

"ரோடு வழுக்கும். பாத்துப் போங்க" என்றான்.

ஆர்விட் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏதாவது சொல்வான் என்று பார்த்தார். டென்னிஸ் மானைக் கட்டித் தொங்கவிடக் கயிறு தேடிக்கொண்டிருந்தான்.