முதல் தரக் கல்

1

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் டேனரியில் நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் முன்னால் ஒரு வண்டிக் கல் வந்து நின்றது. மண்டபம் பக்கத்துக் கடலில் பெயர்த்து ரயிலில் அனுப்பிய பவளக்கல். அதை எங்கள் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, குழியில் கரைத்து, முடி கழல்வதற்காகத் தோலை ஊறப்போடுவோம். உள்ளூர்ச் சுண்ணாம்பில் செம்மண் கறை ஏறும் என்று முதலாளி ராவுத்தர் அதைத் தொடமாட்டார்.

கடல் கல்லில் இரண்டு வகை. உருண்டு திரண்டு வருவது ‘கல்’. கிளை கிளையாக ஒடிந்து வருவது ‘சல்லி’. சல்லியின் இடுக்குகளில் மணல் இறுகிக் கிடக்கும். எவ்வளவு சுட்டாலும் மணல் மணல்தான். ஆகவே சல்லி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

சேர்ந்த வாரத்திலேயே ஏதாவது சீர்திருத்தம் செய்துவிட வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. வந்ததில் நல்ல கல் ஒன்றை என் அறையில் வைத்து, சிவப்பு மையில் ‘முதல் தரக் கல்’ என்று சீட்டு ஒட்டினேன். இனி எந்த லோடும் இதோடு ஒப்பிட்ட பிறகே இறங்கும் என்று அறிவித்தேன்.

சுண்ணாம்புக் குழி மேஸ்திரி சவரிமுத்து வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு மாலையும் போட்டுருங்க கிளார்க்கய்யா. போறப்ப வாரப்ப கும்பிட்டுக்கிருவோம்."

மாதிரிக் கல்லுக்கு ஆயுள் கெட்டியில்லை. முதல் கல்லை விருந்தாளி ஒருவர் அழகாக இருக்கிறது என்றார். முதலாளி ஆள் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதை யாரோ காளவாயில் போட்டுவிட்டார்கள். அந்தச் சுண்ணாம்பில்தான் அந்த வருடம் என் அறைக்கு வெள்ளையடித்தார்கள். மூன்றாவது விழுந்து உடைந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய லோடில் இருந்ததிலேயே நல்லதைப் பொறுக்கி, புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன். கையெழுத்து வரவர அழகாகிக்கொண்டே வந்தது.

2

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, மெட்ராஸ் வியாபாரி எங்கள் தோலைக் கட்டோடு திருப்பியனுப்பினார். எல்லாவற்றிலும் பொடிப்பொடிக் கீறல். முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, ஒன் ஆளுங்க கத்தியால தோலை வழிக்கிறானுவளா, உழுறானுவளா?"

"கத்தி மேல பழி இல்ல மொதலாளி. சுண்ணாம்புல மணல் அரைக்குது. வர்றது அம்புட்டும் சல்லி."

"மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் இறக்கியிருக்கிறேன்" என்றேன் நான், யாரும் கேட்காமலே.

"ஸ்டோரு, நீரே மண்டபம் போய்ப் பாத்து எழுத்துல தாரும்" என்றார் முதலாளி. "கல்லு சரின்னு எழுதினா, மேஸ்திரி நாளையிலேருந்து வீட்டுல இருக்கட்டும்."

முப்பது வருடம் குழியில் நின்று கால்நகம் வெந்துபோன மனிதர். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழிக்குத் திரும்பினார்.

மண்டபம் கடலில் என்னை வள்ளத்தில் ஏற்றிப் போனவர்கள் கல் எடுக்கும் ஒரு தகப்பனும் மகனும். மகனுக்கு முப்பது வயதிருக்கும். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

"குனிஞ்சு பாருங்க சார். பாரு எப்படிச் செழிப்பா இருக்கு!" என்றான் மகன். அவர்கள் பவளத் திட்டைப் பார் என்பார்கள். ‘பார் செழிப்பு’ என்று குறித்துக்கொண்டேன்.

"இதா செழிப்பு?" என்றார் பின்னாலிருந்த பெரியவர். "நான் தொழிலுக்கு வந்தப்ப இந்த எடத்துல வள்ளத்த நேரா விடமுடியாதுய்யா. வளைச்சு வளைச்சுத்தான் போவணும். இப்ப தலை சிரைச்ச மாதிரி கெடக்கு."

"அப்பாவுக்கு வேற பேச்சே கெடையாது சார். எங்க தாத்தாவும் இவர்கிட்ட இதையேதான் சொன்னாராம்."

"ஆமா, சொன்னாரு" என்றார் பெரியவர். "நானும் நம்பலதான்."

‘வயதானவர்களின் மிகை’ என்று அடுத்த வரியில் எழுதினேன். எழுதி அடிக்கோடும் போட்டேன்.

3

ஊர் திரும்பி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். கல் மாதிரிக்குக் குறைவில்லை, குற்றம் கத்தியில். இரண்டு பக்கம் வந்தது. கம்பீரமாக முடிப்பதற்கு, இந்த மாதிரிக் கல் முறை ஏற்பட்ட நாளையும் குறிப்பிடலாம் என்று என் பழைய டைரியை எடுத்தேன். அதில் என் கையாலேயே எழுதியிருந்தது:

‘மாதிரிக் கல் வைக்கப்பட்டது. நீளம் ஒன்றே கால் முழம். இரண்டு ஆட்கள் தூக்கினர். வாசலில் ஒருமுறை இறக்கி வைத்து இளைப்பாறினர்.’

நான் மேஜையைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் ரிப்போர்ட் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு பொருளை வைத்திருந்தேன். சிவப்பு மைச் சீட்டு ஒட்டிய முதல் தரக் கல். உள்ளங்கையில் அடங்கும். நான்கு கிளை. சல்லி.

பாரைச் சுட்டுத் தீர்த்தவர்கள் நாங்கள். தீர்ந்துபோனது தெரியாமல் பார்த்துக்கொண்டது நான், அதுவும் முறைப்படி.

ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு டைரியோடும் கல்லோடும் முதலாளி முன் போய் நின்றேன். அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கடல்ல கல்லு கொறைஞ்சுது, சரி. அது கூடவே ஒம்ம கண்ணையும்ல கொறைச்சுக்கிட்டே வந்திருக்கீரு!"

சுண்ணாம்பைச் சலித்துக் குழியில் போட உத்தரவானது. கீறல் நின்றது. சவரிமுத்துவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மாலையை இனிமே டைரிக்குப் போட்டுருங்க கிளார்க்கய்யா."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் கண்டதை அளந்து எழுதி வையுங்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது எனக்குப் பிடிபட இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. டைரியில் இருந்த அளவுக்கு என் அறைச் சுவரில் கரியால் கோடு இழுத்துவிட்டு, பழக்கப்படி ‘முதல் தரக் கல்’ என்று எழுதப் போனேன். வள்ளத்துப் பெரியவரிடம் அந்தக் காலத்திலேயே பார் குறைந்துவிட்டது என்று சொன்ன அவர் தகப்பனார் ஞாபகத்துக்கு வந்தார். அந்த ஒன்றே கால் முழக் கல்லை அவர் என்னவென்று சொல்லியிருப்பாரோ.

‘நான் பார்த்த முதல் கல்’ என்று எழுதி, தேதி போட்டேன்.