புஸ்தகத்தில் இருந்த இன்னொரு புருஷன்

எழுபதுகளில் மலையாளத்து மலையில், பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் தினக்கூலி. அங்கே காய்ச்சல் என்றால் முதலாளி தாராளமாக லீவு தருவார், கூலியைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வேலை நிரந்தரமானதும், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம் என்றார்கள். புருஷன், பிள்ளைகள் பேரைப் புஸ்தகத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்களே வந்து உங்க பேரச் சொல்லிட்டுப் போங்க" என்று அவரைக் கெஞ்சினேன்.

"பொண்டாட்டி தயவுல மாத்திர திங்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்ல" என்று முறுக்கிக்கொண்டார்.

தனியாகப் போனேன். ஆஸ்பத்திரி கிளார்க் மலையாளத்துக்காரர். "பர்த்தாவோட பேரு?" என்றார். புருஷன் பேரை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையும். வழக்கம்போல ஜாடையாக, "பழனி மலையில நிக்கிற சாமி பேருங்கய்யா" என்றேன்.

அந்தச் சாமிக்குப் பேருக்கா பஞ்சம்? கிளார்க் தனக்குப் பிடித்த ஒன்றை எழுதிக்கொண்டார். மலையாள எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அடைமழையில், முறுக்கிக்கொண்ட அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். கம்பளியில் கட்டி நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். கிளார்க் பேரைக் கேட்க, என் வீட்டுக்காரரே முனகிச் சொன்னார். கிளார்க் புஸ்தகத்தைப் புரட்டினார்.

"இதுல உள்ளது வேற ஆளாக்கும். இவரை இங்க எடுக்கப் பற்றில்லா, முடியாது. வெளிய கொண்டு போகணும்" என்று சொல்லி, அந்த வேறு ஆளின் பேரை உரக்க வாசித்தார்.

அத்தனை வலியிலும் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "யாருடி அவன்?"

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. வெளி ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிப் போவதற்குள் உயிர் தங்காது. தங்கினாலும், தாலியை விற்றால்கூட அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஜாடை சொன்ன கதையைக் கிளார்க்கிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் பேனாவைத் திறந்தார். "திருத்தலாம். பக்ஷே நீங்க வாயால சொல்லணும். இனி ஊகிச்சு எழுத மாட்டேன்."

ஆயுசு குறையுமே என்று தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். கேட்கவில்லை என்றார். கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர், தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கும்போது சொல்வதைப் போல, "ம்" என்றார்.

தையல் பிரித்த அன்று இருவரும் லயத்து வீட்டுக்கு மெதுவாக நடந்தோம். தேயிலைக்கு நடுவில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார்.

"அன்னைக்குச் சொன்னியே, இன்னொரு தடவ சொல்லேன்."

"ஆஸ்பத்திரிதான் இலவசம்" என்றேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.