4:52:09-க்கு நிற்கும் கை

உயிருக்கு விலை இல்லை என்பார்கள். ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஏழரை லட்சத்துக்குப் படிந்தது. செத்தவரின் வீட்டார் பதினைந்து கேட்டார்கள், முதலாளி ஐந்தில் ஆரம்பித்தார். புளி மண்டியில் வளர்ந்த எனக்கு அந்தப் பேரத்தில் குறை தெரியவில்லை. இனி சொல்வதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நடந்தது. மணியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த முதலாளி விஜயகுமாரின் பட்டறையில் ஒரு ரோபோ கை உண்டு. இரும்பு வார்ப்புகளை எடுத்து மெஷினில் வைக்கும். அதன் சிப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதியவன் நான். சிவப்புப் பொத்தானைத் தட்டினால், சிப் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கையை நிறுத்த வேண்டும். இதற்குப் பெயர் இன்டரப்ட். ஆனால் கை சுழலும்போது மோட்டாரின் மின் இரைச்சல் வயரில் ஏறி, யாரும் தட்டாமலே கை அடிக்கடி நின்றது. இரைச்சல் ஏறாத நல்ல கேபிள் 2,400 ரூபாய் என்று அவரிடம் சொன்னேன்.

“புரோகிராம்லயே சரி பண்ணிக் குடுங்க முஹ்சின் பாய்.”

ஒரே வரி. கை சுழன்று முடியும்வரை பொத்தானைக் கேட்காதே. இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் அந்தக் கை, அங்கே வார்ப்பு அடுக்கும் கோவிந்தப்பனைத் தூணோடு வைத்து நசுக்கியது.

யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை அழித்தேன். கேபிளையும் என் காசிலேயே மாற்றினேன். அடுத்த திங்கள் முதல் புதுத் தொல்லை... தினமும் ஒரு முறை, கை பாதியில் நின்றது.

ஆறாம் நாள் போனேன். கோவிந்தப்பன் இடத்தில் சரசம்மா நின்றார்.

“மணி பாத்துக்கோ பாய். கரெக்டா வந்துரும்.”

“எது வரும்க்கா?”

அவர் அடுத்த வார்ப்பை எடுத்தார்.

4:52:09. டக்.

பொத்தான் அசையவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றது.

மறுநாள் சரசம்மாவை வெளியே நிறுத்திவிட்டுப் பொத்தானின் வயரைக் கழற்றினேன். சிப்பில் அந்த வயர் சேரும் உலோகக் காலை நேராக மூன்று வோல்ட்டில் கட்டினேன். இனி அதில் ஒரு துடிப்பும் நுழைய வழியில்லை.

4:52:09. டக்.

நின்றது. ஏழாம் முறை.

“முன்ன போட்டதையே புரோகிராம்ல போட்டு விடுங்க பாய். லோடு நிக்குது” என்றார் விஜயகுமார்.

லேப்டாப் திறந்துதான் இருந்தது. சரசம்மா உள்ளே வந்து கைக்கும் தூணுக்கும் நடுவில் குனிந்து வார்ப்பு அடுக்கினார். வளையல் சத்தம் கேட்டது.

போட மாட்டேன் என்றேன். வயரைத் திரும்ப மாட்டினேன்.

எட்டு.

ஒன்பது.

அன்று மாலை விஜயகுமார் கதவைச் சாத்திவிட்டுத் தன் போனைக் கொடுத்தார். பிப்ரவரி கேமரா பதிவு. சத்தம் இல்லாத படம்.

ஓரத்தில் 4:52:09. கோவிந்தப்பனின் நெஞ்சு தூணோடு. வலது கை மட்டும் வெளியே. அது பொத்தானைத் தேடிப் பிடிக்கிறது. தட்டுகிறது. திரும்பத் திரும்பத் தட்டுகிறது...

“அத்தனை வாட்டி அடிச்சும் ஏன் பாய் நிக்கல?”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் வரி பொத்தானை மூடியிருக்கும்போது எத்தனை முறை தட்டினாலும் சிப் ஒன்றாகத்தான் குறித்துக்கொள்ளும். கை சுழன்று முடிந்ததும் அந்த ஒன்றைப் பார்க்கும். பார்த்தது. நிறுத்தியது. எல்லாம் முடிந்த பிறகு.

நாளை சரசம்மாவுக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டேன். அவர் இடத்தில் நான் நிற்கிறேன்.

கோவிந்தப்பன் தட்டியது பதினொன்று.

சிப் குறித்தது ஒன்று.

பிறகு, நாளுக்கு ஒன்றாக வந்தது ஒன்பது.

பாக்கி, ஒன்று.